பட்டியலில் ஒரு பொய் உறவு

மாணவியர் விடுதி, புதுச்சத்திரம்
14 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். நீ, அம்மா, அப்பா மூவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

பிளஸ் டூ வந்ததும் விடுதியில் எல்லாம் இறுகிவிட்டது. செல்போன் வைத்திருந்தால் டி.சி. வாரம் ஒருமுறை வார்டன் அறையிலிருந்து வீட்டுக்குப் பேசலாம். பின்னால் வரிசையில் நிற்பவள் விடும் மூச்சு என் கழுத்தில் படும். இந்தக் கடிதத்தையும் வார்டன் குஞ்சம்மாள் மேடம் படித்த பிறகுதான் ஒட்டுவார்கள். வணக்கம் மேடம்.

போன வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டு, "என்ன கண்ணு இது? தமிழும் இல்லாம இங்கிலீசும் இல்லாம? எந்தப் பையனுக்கு எழுதுன சங்கேதம்?" என்றார். பார்த்தால் நீ போன வருடம் அனுப்பிய சொல் பட்டியல். நம் விளையாட்டை விளக்கிச் சொன்னேன். ஒருத்தி ஒரு லத்தீன் வினைச்சொல்லை எடுத்து, பல மொழிகளில் பிழைக்கப் போன அதன் பிள்ளைகளை எழுத வேண்டும். நடுவில் உறவே இல்லாத ஒரு சொல்லைச் சொந்தக்காரன் மாதிரி உட்கார வைக்க வேண்டும். அந்தப் பொய் உறவை மற்றவள் பிடிக்க வேண்டும். "பொய்யி சொல்றதுல ஒரு வெளையாட்டா?" என்றார் மேடம். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

மதிப்பெண் அள்ளலாம் என்று அப்பா நம் இருவரையும் பிரெஞ்சு எடுக்க வைத்தார். நீ அதையே படித்து சேலத்தில் டீச்சராகிவிட்டாய். நான் பொய் உறவு பிடிக்கிறேன். புதிதாக ஒரு சொல் அனுப்பு.

உன் அகல்யா


இளம்பிள்ளை
28 ஜூலை 2024

அகல் குட்டிக்கு,

இங்கே அம்மாவும் நானும் நலம். அப்பாவுக்கு மட்டும் ஆடித் தள்ளுபடிக் காய்ச்சல். கடைக்குள் சேலைக் கட்டுகளைத் தாண்டித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. உன் தொண்டைவலி போய்விட்டதா? கூச்சப்படாமல் வெந்நீர் கேட்டு வாங்கு.

இந்தா, உன் சொல். லத்தீனில் வெனீரே, வருவது. பிரெஞ்சில் வெனீர், ஸ்பானியத்தில் வெனிர், போர்ச்சுகீசியத்தில் வீர். ஆங்கிலத்தில் ஈவென்ட், அட்வென்ச்சர், ரெவென்யூ, வெண்டர். பிடி பார்க்கலாம்.

இத்துடன் கைமுறுக்குப் பொட்டலம் ஒன்று வரும். எங்கள் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஈஸ்வர் வீட்டில் சுற்றியது. ஆட்டையாம்பட்டிக்காரர்கள். மேடத்துக்கும் கொடு.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தீபாவளிக்கு வா, நேரில் சொல்கிறேன். இதில் எழுதினால் நம் வீட்டுக்கு முன்னால் மேடத்துக்குத் தெரிந்துவிடும்.

முத்தங்களுடன்
ரஞ்சி


புதுச்சத்திரம்
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்கா,

தொண்டைவலி போயே போய்விட்டது. நீங்கள் எல்லோரும் எப்படி?

விடை, வெண்டர். விற்பவனுக்கும் வருவதற்கும் உறவில்லை. சரிதானே? அப்பாவின் தொழிலை வைத்து என்னை ஏமாற்றப் பார்த்தாய்.

முறுக்கு பிரமாதம். மேடம் இரண்டுக்குப் பதில் ஆறு எடுத்துக்கொண்டார். சுற்றிய கைக்கு என் வணக்கம். அந்த 'விஷயம்' என் தூக்கத்தைக் கெடுக்கிறது. தீபாவளி இன்னும் எவ்வளவு தூரம்!

எங்கள் பிரெஞ்சு மிஸ் 'க்ருவார்' நடத்தினார், நம்புவது. அதன் லத்தீன் தாய் க்ரேதெரே என்றார். அந்தக் குடும்பத்தை எனக்கு அனுப்பு. சீக்கிரம்.

உன் அகல்யா


இளம்பிள்ளை
29 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை அகல்யாவுக்கு உன் அக்கா ரஞ்சிதா எழுதிக்கொண்டது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். குக்கர் ஆவி பட்டு வலது கை கொப்புளித்துவிட்டது. ஆகையால் கடைக் கணினியில் தட்டச்சு செய்கிறேன். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

நீ கேட்ட க்ரேதெரே என்ற சொல்லின் ரகங்கள் பின்வருமாறு. பிரெஞ்சு, க்ருவார். இத்தாலியன், க்ரேதெரே. ஸ்பானியம், க்ரேயெர். போர்ச்சுகீசியம், க்ரேர். ஆங்கிலம், கிரெடிட், கிரீட், கிரெடிபிள், கிராண்ட், மிஸ்கிரியண்ட். அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை. குறை இருந்தால் தெரிவிக்கவும்.

விஷயம் என்று முன்பு எழுதியது முக்கியமானது அல்ல. மறந்துவிடவும். மனதை அலைய விடாமல் சிரத்தையாகப் படிக்கவும்.

இப்படிக்கு
அக்கா ரஞ்சிதா

நன்றி. மீண்டும் வருக.


புதுச்சத்திரம்
13 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? கேட்கிறேன், ஏனென்றால் நம் வீட்டில் நீ குக்கர் பக்கமே போகமாட்டாய். விசில் அடித்தால் அம்மாவைக் கத்திக் கூப்பிடுகிறவள் நீ.

கடிதத்தின் கீழே 'நன்றி, மீண்டும் வருக' என்று கடை பில்லில் வருவது அப்படியே வந்திருக்கிறது. வந்துவிடுகிறேன், அதற்கென்ன. அப்புறம் 'சிரத்தையாக'. இந்தச் சொல்லை நம் வீட்டில் ஒருவர்தான் சொல்வார். அதைக் கேட்டாலே நீ கண்ணை உருட்டுவாய். எப்போது திருந்தினாய்?

பட்டியலை மூன்று நாள் வைத்துப் பார்த்தேன். ஒன்று குறைகிறது. என்ன குறைகிறது என்று உனக்குத் தெரியும். தெரியாவிட்டால் எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா.

அடுத்த ஞாயிறு நான் போன் செய்யும்போது நீ பேசு. அம்மா போனை எடுத்து, "அவ வெளிய போயிருக்கா சாமி" என்பது இத்துடன் ஏழாவது வாரம். ஒரு ஹலோ போதும்.

அகல்யா


இளம்பிள்ளை
24 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் டியூஷன் எடுப்பதால் போனில் வர இயலவில்லை. பட்டியலில் ஒன்று குறைகிறது என்று எழுதியிருந்தாய். மேலும் தேடிச் சேர்த்துள்ளேன். ருமேனியம், க்ரேதெ. கட்டலான், க்ரேவ்ரெ. சார்டீனியா என்ற தீவிலும் க்ரேதெரே என்றே வழங்குகிறது. இப்போது குறை இருக்காது என்று நம்புகிறேன்.

தீபாவளிக்கு நம் வீட்டில் சுவர்ப் பூச்சு நடப்பதால் அப்பா உன்னை ராசிபுரம் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துச் செல்வார். எனக்குப் பெங்களூரில் பயிற்சி உள்ளது. வர இயலாது. உனக்குப் பிடித்த நிறத்தில் உடை எடுத்தாகிவிட்டது.

சிரத்தையுடன் படிக்கவும்.

அக்கா ரஞ்சிதா


புதுச்சத்திரம்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

தீபாவளி முடிந்து திரும்பிவிட்டேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

பெரியம்மா வீட்டில் அம்மாவின் கண் இரண்டும் வீங்கியிருந்தன. வெங்காயம் என்றாள். அதிரசத்துக்கு எதற்கு வெங்காயம்? அக்கா எங்கே என்று நான் யாரிடம் கேட்டாலும் பலகாரத் தட்டை நீட்டினார்கள். தட்டை வாங்கி வாங்கி எனக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம்.

அப்பா எப்போதும் நம் இருவருக்கும் ஒரே துணியில் இரண்டு எடுப்பார். பிடிக்கவில்லை என்று நாம் சண்டை போட்டாலும் மாற்றமாட்டார். இந்த முறை பையில் ஒன்றுதான் இருந்தது. "அக்காவுக்கு?" என்றேன். "அவளுக்கு அங்கயே எடுத்துக்குவா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போனார். துடைத்த வண்டியையே மறுபடி துடைத்தார்.

என் அறையில் மோனிஷா என்று ஒருத்தி இருக்கிறாள். அவள் ஊரில் நடந்த ஒரு கதையைச் சொன்னாள். அதை இங்கே எழுதினால் கடிதம் போகாது.

அக்கா, பெங்களூரில் எங்கே தங்கினாய்? எந்தப் பேருந்தில் போனாய்? என்ன சாப்பிட்டாய்? உன் கையால் எழுது. கோணலாக இருந்தாலும் பரவாயில்லை.

அகல்யா


இளம்பிள்ளை
1 டிசம்பர் 2024

தங்கை அகல்யாவுக்கு,

நலம். வீண் சந்தேகங்களை வளர்த்துக்கொள்ள வேண்டாம். பரீட்சை நெருங்குகிறது. மூத்தவர்கள் எது செய்தாலும் உன் நன்மைக்கே செய்வார்கள். நம்பு.

குளிர் அதிகம். இரவில் தலையில் துணி கட்டிக்கொள்ளவும்.

அக்கா


புதுச்சத்திரம்
5 ஜனவரி 2025

இதைப் பிரித்துப் படிக்கிறவருக்கு,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இது வார்டன் கையில் போகாத கடிதம். மோனிஷாவின் அம்மா மகளைப் பார்க்க வந்தார், அவர் பையில் ஒளித்துக் கொடுத்தனுப்புகிறேன். பிடிபட்டால் டி.சி. பரவாயில்லை.

மோனிஷா சொன்ன கதையை இப்போது எழுதுகிறேன். அவள் ஊரில் ஒரு அக்கா இருந்தாளாம். வேறு சாதி ஆட்களில் ஒருவனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாளாம். ஒருநாள் வயிற்றுவலி என்றார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் எரித்துவிட்டார்கள். வெளியூரில் படித்த தங்கைக்குப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். படிப்புக் கெட்டுவிடக் கூடாதாம்.

நான் இதைக் கேட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. எங்கள் வீடு அப்படி இல்லை, எங்கள் அப்பா கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தள்ளிவைக்காதவர் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உடனே அந்த ஒற்றைத் துணி கண்ணில் வருகிறது.

இந்தக் கடிதங்களை எழுதியது என் அக்கா இல்லை. முதல் பட்டியலிலேயே தெரிந்துவிட்டது. எப்படி என்று சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த கடிதத்தில் அதையும் சரிசெய்துவிடுவீர்கள்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். என் அக்கா உயிரோடு இருக்கிறாளா?

இருந்தால், க்ரேதெரே பட்டியலை அவள் கையெழுத்தில், நாங்கள் எழுதும் முறைப்படி எழுதி அனுப்பட்டும். அது வராமல் நான் பரீட்சை எழுதமாட்டேன். பொங்கலுக்கும் வரமாட்டேன். அழைத்துப்போக யாரும் வர வேண்டாம்.

அகல்யா


ஆட்டையாம்பட்டி
19 ஜனவரி 2025

என் அகல் குட்டிக்கு,

இருக்கிறேன். நன்றாக இருக்கிறேன். கையில் கொப்புளம் எதுவும் இல்லை. இது என் கோணல் எழுத்துதான், பார்த்துக்கொள்.

ஆகஸ்ட் கடைசியில் நானும் ஈஸ்வரும் கல்யாணம் செய்துகொண்டோம். வீட்டில் சொன்னேன். வேறு சாதி என்றதும் அப்பா கத்தவில்லை. எழுந்து போய்க் கடையைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். அதன்பின் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உனக்கு இரண்டு கடிதம் எழுதினேன், திரும்பி வந்துவிட்டன. வீட்டு முகவரியிலிருந்து வருவதை மட்டும் உன்னிடம் கொடுக்கும்படி அப்பா வார்டனிடம் சொல்லியிருந்தாராம். நீ கோபமாக இருக்கிறாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் பெயரில் ஒருவர் உனக்கு எழுதிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது.

பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வாசலில் பைக் சத்தம். அப்பா. இளம்பிள்ளையிலிருந்து இங்கே வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? அந்தத் தூரத்தை வர அவருக்கு ஐந்து மாதம் ஆனது. என் மாமியார் முத்தாயம்மாள் மாவுக் கையோடு எழுந்து, "உள்ள வாங்க சம்பந்தி" என்றார். "இல்லீங்க, நின்னுக்கறனுங்க" என்றார் அப்பா. தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார்.

சட்டைப்பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். "ரஞ்சி, இதுல ஒண்ணு கொறையுதுங்கறா புள்ள. எனக்கு வெளங்கல. கம்ப்யூட்டர்ல தேடி மூணு பாஷ சேத்துப் போட்டேன். அப்பவும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்புடி என்னதான் கொறையுது?"

ஐந்து மாதம் கழித்து அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கொறையறது ஒரு பொய்யிங்கப்பா. பட்டியல்ல ஒரு பொய்யி இருக்கோணும்" என்றேன்.

கடிதத்தைக் குனிந்து பார்த்தார். "கடுதாசி முழுக்கப் பொய்யாத்தான சாமி எழுதுனேன். அது பத்தலயா?" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. நீ கேட்டிருந்தாயே, அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று. அந்த வரியில் விரலை வைத்துக் காட்டி, "எம் புள்ள என்னயப் பாத்து இதக் கேட்டுட்டா" என்றார். அகல், நம் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன். மாமியார் முறுக்கு எண்ணெயைக் காயவிட்டுவிட்டு அழுதார்.

அப்புறம் பேனாவை நீட்டினார். "எழுதிப் போடு. வார்டனம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறேன். பரீட்சைக்கு முந்தி அவளுக்குப் போயிச் சேரோணும்." உட்காராமலேயே கிளம்பிவிட்டார். போகும்போது அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

இனி உன் பட்டியல். லத்தீனில் க்ரேதெரே, நம்புவது. பிரெஞ்சில் க்ருவார், இத்தாலியனில் க்ரேதெரே, ஸ்பானியத்தில் க்ரேயெர். ஆங்கிலத்தில் கிரெடிட், கிரீட், கிரியேட். நம் தமிழில் சிரத்தை. ஒன்று பொய். பிடி.

பரீட்சையை எழுதித் தொலை.

ரஞ்சி


புதுச்சத்திரம்
2 பிப்ரவரி 2025

என் அக்காவுக்கு,

உன் முதல் வார்த்தையைப் படித்ததும் சாப்பாட்டு அறையில் ஓவென்று அழுதுவிட்டேன். அப்பா சொல்லியிருந்ததால் பிரிக்காமலே கொடுத்த குஞ்சம்மாள் மேடம், ஓடி வந்து கடிதத்தைப் பிடுங்கினார். முழுக்கப் படித்துவிட்டு அவரும் மூக்கைச் சிந்தினார். "எந்தப் பையனும் இல்லியா அப்ப?" என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு இப்போது பசிக்கிறது, தூக்கம் வருகிறது. மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கம்.

ஆனால் ஒரு சந்தேகம் இன்னும் போகவில்லை. அப்பா கடிதம் எழுதச் சொல்லத்தான் வந்தாரா, உன்னைப் பார்க்க வந்தாரா? என் பரீட்சை முடிந்த பிறகும் வருவாரா? எழுதச் சொன்னதும் போய்விட்டார் என்கிறாயே. அதுதான் உறுத்துகிறது.

விடை சுலபம், சிரத்தை. அது எப்படி லத்தீனுக்குச் சொந்தமாகும்? போலிக் கடிதங்களில் அந்தச் சொல்லை வைத்துத்தான் அப்பாவை நான் பிடித்தேன். அதனால்தான் நீ அதை நுழைத்திருக்கிறாய். சரிதானே?

அகல்


இளம்பிள்ளை
16 பிப்ரவரி 2025

அகல்யா கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன், என் கையால். கையெழுத்து மோசம், பொறுத்துக்கொள். அம்மாவும் நானும் நலம். நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று வார்டன் அம்மா போனில் சொன்னார்.

உன் கடிதத்தை ரஞ்சிதா என்னிடம் படித்துக் காட்டினாள். உன் விடை தவறாம். பொய் உறவு கிரியேட். அது வேறு வீட்டுப் பிள்ளை. சிரத்தை என்பது வடமொழியிலிருந்து நம்மிடம் வந்தது. அந்த வடமொழிச் சொல்லும் உன் க்ரேதெரேயும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம். பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பிரிந்து ஆளுக்கு ஒரு திசையில் போய்விட்டார்களாம். நெஞ்சை ஒன்றின்மேல் கொண்டுபோய் வைப்பது என்பதுதான் இரண்டுக்கும் முதல் பொருள் என்று படித்தவர்கள் சொல்வதாகச் சொன்னாள். நான் உன்னிடம் படிப்புக்குத்தான் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ கேட்ட சந்தேகத்துக்கு வருகிறேன். நேற்றும் போயிருந்தேன். எழுதச் சொல்ல எந்தக் கடிதமும் இல்லை. சும்மாதான் போனேன். உட்கார்ந்தேன். மாப்பிள்ளை காபி போட்டார், சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவள் கிளம்பவே மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

பரீட்சை முடிகிற அன்று விடுதி வாசலில் நிற்பேன். ஆட்டையாம்பட்டி போகிற வழிதானே, இறங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். உங்கள் இருவருக்கும் ஒரே துணியில் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சண்டை போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா
காளிதாஸ்

இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் சேர்க்கவில்லை சாமி. தேட வேண்டாம்.